காற்றுக்குக் காத்திருந்த துறைமுகம்

திருக்கோணமலைக்குச் செல்லும் எவரும் முதலில் ஏறுவது சுவாமி மலையே. பிரெடறிக் கோட்டையின் வாயிலைக் கடந்து, வீதியோரத்தில் அச்சமின்றி மேயும் புள்ளிமான்களைப் பார்த்தவாறே மெல்ல நடந்தால், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கோணேசர் ஆலயம் வந்துவிடும். ஆலயத்தின் புறத்தே நின்று கீழே நோக்கினால் செங்குத்தான பாறை. பாறையின் அடியில் ஆழ்கடல். அதற்கப்பால் வானமும் கடலும் ஒன்றாகிவிடும் நீலம்.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், நாம் மாணவர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு அங்கே சென்றிருந்தோம். கடல் குளத்து நீர்போல அடங்கிக் கிடந்தது. காலைப் பூசை முடிந்து திருநீறு அணிந்து நின்றபோது, மாணவி ஒருத்தி கிழக்கே கையை நீட்டினாள்.

"சேர், ஸ்ரீஹரிகோட்டாவிலே இருந்து விடுகிற ரொக்கெட் இந்தப் பக்கத்தாலேதானே போகும்? அது ஏன் நேரே தெற்குக்குப் போகாமல் சுற்றிப் போகுது?"

கேள்வி சிறிது, விடை பெரிது. அன்று மாலை நாம் ஊர் திரும்பும் வரைக்கும் அக்கேள்வி எம்மை விடவில்லை. அன்றைய பயணத்தில் கண்டவற்றோடு அவ்விடையையும் சேர்த்து இங்கே வாசகர் முன் வைக்கின்றோம்.

பூமியின் இரு துருவங்களையும் தொட்டுச் சுற்றிவரும் செய்மதிகளே நிலத்தையும் கடலையும் முழுமையாகப் படம் பிடிக்க வல்லவை. அவற்றைத் தெற்கு நோக்கியோ வடக்கு நோக்கியோ ஏவுதல் வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தேசப்படத்தில் நேர்தெற்கே ஒரு கோடு கிழித்துப் பாருங்கள். அக்கோடு ஏறத்தாழப் பருத்தித்துறையில் நம் தீவினுள் நுழைந்து காலித் துறைமுகத்தின் அருகே வெளியேறும். எரிந்து கழிந்த பகுதிகளைக் கீழே உதிர்த்துக்கொண்டு செல்வது ரொக்கெட்டின் இயல்பு. ஏதேனும் பிழை நேரின் முழுவதுமே விழவும் கூடும். மக்கள் வாழும் நிலத்தின்மீது அதனைச் செலுத்துதல் முறையன்று. ஆகவே அது முதலில் தென்கிழக்காக எழுந்து, நாம் நின்று பார்த்த அதே கடலுக்கு அப்பால், தீவை விட்டு விலகிச் சென்று, பின்னரே தெற்கே திரும்புகிறது.

மணிக்குப் பல்லாயிரம் கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் ஒன்றைத் திருப்புதல் இலேசான காரியமன்று. அதற்கும் எரிபொருள் வேண்டும். 44 மீற்றர் உயரமும் ஏறத்தாழ 320 தொன் எடையும் கொண்ட பி.எஸ்.எல்.வி. அச்செலவைத் தாங்கிக்கொள்ளும். சிறிய ரொக்கெட்டுக்கோ அது பெருஞ்சுமை. ஊரைச் சுற்றிப்போகும் பாதையில் பெரிய லொறிக்குச் சில போத்தல் எண்ணெய் கூடச் செலவாகும், அவ்வளவுதான். சிறிய மோட்டார் சைக்கிளுக்கோ தாங்கியே வற்றிவிடும்.

மலையை விட்டிறங்கி உட்டுறைமுகத்தின் பக்கம் சென்றோம். குன்றுகள் சூழ்ந்த இந்த நீர்ப்பரப்பை உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென்பர். கப்பல்கள் எதனால் ஓடின என்ற வரலாறு முழுவதையும் இத்துறைமுகத்தின் கரையிலேயே படிக்கலாம்.

முதலாவது, காற்றின் காலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக்காற்று மூண்டுவிட்டால் சோழமண்டலக் கரையில் பாய்க்கப்பல் நிற்க இடமில்லை. சென்னைக்கு அக்காலத்தில் காப்பான துறைமுகம் இருக்கவில்லை. ஆகவே வங்காள விரிகுடாவை ஆள விரும்பிய ஒவ்வோர் அரசும் திருக்கோணமலைமீது கண் வைத்தது. 1782ஆம் ஆண்டு தையில் ஆங்கிலேயர் இதனை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தனர். அவ்வாண்டு ஆவணியில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சவ்ரன் அவர்களிடமிருந்து பறித்தார். ஆனால் எத்துணைப் பெரிய தளபதியாயினும் காற்று வீசாவிடின் கப்பல் நகராது. கட்டளை கிடைத்த நாளன்று, காற்றுக் கிடைத்த நாளே புறப்படும் நாள்.

இரண்டாவது, நிலக்கரியின் காலம். காற்றின் தயவு நீங்கியது; ஆயினும் குளிர்ந்து கிடக்கும் பெரிய கொதிகலனில் நெருப்பிட்டுப் போதிய ஆவி எழும்பப் பல மணித்தியாலம் செல்லும். மூன்றாவது, எண்ணெயின் காலம். அக்காலத்தின் சாட்சியைக் காணச் சீனக்குடாவுக்குச் சென்றோம்.

சீனக்குடா வீதியிலிருந்து பார்த்தால் காட்டு மரங்களுக்கிடையே பெரும் இரும்புத் தாங்கிகள் தென்படும். தம் போர்க்கப்பல்களுக்கு எண்ணெய் வழங்குவதற்காக ஆங்கிலேயர் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அமைக்கத் தொடங்கிய தாங்கிப் பண்ணை இது. இன்று எஞ்சி நிற்பவை 99. 2022 தையில் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்திடமும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இவ்விரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடமும் ஒப்படைக்கப்பட்டன.

1942 ஏப்ரல் 9ஆம் நாள் காலையில் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கின. அவற்றுள் ஒன்று 91ஆம் இலக்கத் தாங்கியின்மீது மோதி வீழ்ந்தது. தாங்கி பல நாட்கள் நின்றெரிந்தது. உருகி நெளிந்த அதன் இரும்பு இன்றும் கிடக்கிறது. நினைத்தவுடன் புறப்படுவதற்காகச் சேர்த்துவைத்த எரிபொருளே எதிரியின் முதற் குறியும் ஆயிற்று என்பதை மாணவர்க்குச் சுட்டிக் காட்டினோம்.

இனி ரொக்கெட்டுக்கு வருவோம். காற்றும் கரியும் எண்ணெயும் கப்பலுக்குத் தந்த அதே சிக்கலை ரொக்கெட்டுக்கு அதன் உந்துபொருள் தருகிறது. வலிமை மிகுந்த உந்துபொருள் காத்திருக்க மாட்டாது. காத்திருக்கக் கூடியதற்கு வலிமை குறைவு.

ஒரு கிலோகிராம் உந்துபொருளை எரித்தால், ஒரு கிலோகிராம் எடைக்குச் சமமான உந்துதலை அது எத்தனை செக்கன் தரும் என்று கணக்கிடுவது பொறியியலாளர் வழக்கம். திரவ ஐதரசனும் திரவ ஒட்சிசனும் சேர்ந்தால் ஏறத்தாழ 450 செக்கன் வரும். இதற்கு நிகர் வேறில்லை. ஆனால் ஒட்சிசன் திரவமாயிருக்க −183 பாகைக் குளிரும், ஐதரசனுக்கு −253 பாகைக் குளிரும் வேண்டும். தாங்கியில் நிரப்பிய கணத்திலிருந்தே அவை ஆவியாகிக்கொண்டிருக்கும். ஏவுவது நாளை என்று தள்ளிப்போனால் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். வெயிலில் விற்கும் ஐஸ்பழத்தின் கதையே இது.

மண்ணெண்ணெயும் திரவ ஒட்சிசனும் சேர்ந்தால் ஏறத்தாழ 300 முதல் 350 செக்கன். ஒட்சிசன் இங்கும் குளிர்ந்ததே. ஆயினும் மண்ணெண்ணெய் நம் வீட்டு விளக்கிலும் வள்ளத்து இயந்திரத்திலும் எரியும் பழகிய பொருள்.

திண்ம உந்துபொருளோ 280 செக்கன் அளவிலேயே நின்றுவிடும். ஆனால் அதற்கு ஒரு பெருங்குணம் உண்டு. கோயில் திருவிழாவில் விடும் ஆகாயவாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னரே இடித்து அடைத்து வைத்தால் திரியில் நெருப்பு வைக்கும்வரை அது பேசாமல் இருக்கும். சவ்ரன் இத்துறைமுகத்தைப் பிடித்த அதே போர்க்காலத்தில், மைசூர் ஹைதர் அலியின் படைகள் இரும்புக் குழாயில் மருந்தடைத்த ரொக்கெட்டுகளை ஆங்கிலேயர்மீது ஏவின. பாய்க்கப்பல் காற்றுக்குக் காத்திருந்த காலத்தில் அவை எதற்கும் காத்திருக்கவில்லை. இன்றைய திண்ம ரொக்கெட்டில் மருந்து வேறு: அமோனியம் பெர்குளோரேற்று ஒட்சிசனைத் தரும், அலுமினியத் தூள் எரியும், ஒருவகை இறப்பர்ப் பொருள் இரண்டையும் பிணைத்து, தானும் எரியும். நடுவில் விடப்படும் துவாரத்தின் வடிவமே எந்தக் கணத்தில் எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்பதை நிருணயிக்கிறது. குறை யாதெனில், பற்றவைத்தபின் அணைத்தல் இயலாது. கூட்டவும் குறைக்கவும் முடியாது. கூறவேண்டிய அனைத்தையும் வார்க்கும்போதே கூறிவிட வேண்டும்.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அமைத்த எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறு ரொக்கெட் இவ்வழியையே பின்பற்றுகிறது. உயரம் 34 மீற்றர். எடை ஏறத்தாழ 120 தொன். 500 கிலோமீற்றர் உயரத்துக்கு 500 கிலோகிராம் வரை கொண்டு செல்லும். கீழிருந்து மூன்று பகுதிகளும் திண்மம். முதற் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 87 தொன் உந்துபொருள். மூன்றும் எரிந்து முடிந்தபின், மிச்சமிருக்கும் சிறு வேகப் பிழையைத் திருத்த உச்சியில் சிறியதொரு திரவப் பகுதி உண்டு. அதன் திரவங்கள் சாதாரண வெப்பத்திலேயே காத்திருப்பவை. ஒன்றையொன்று தொட்டவுடன் தாமே பற்றுபவை. பெரிய ரொக்கெட்டைப் பூட்டி ஆயத்தம் செய்ய வாரக்கணக்கில் ஆகும். இதனைச் சில நாட்களில் ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதே நோக்கம்.

நோக்கம் முதல் முயற்சியில் கைகூடவில்லை. 2022 ஆவணி 7ஆம் நாள் முதலாவது எஸ்.எஸ்.எல்.வி. எழுந்தது. மூன்று திண்மப் பகுதிகளும் ஒழுங்காகவே எரிந்தன. ஆனால் இரண்டாம் பகுதி கழன்றபோது ஒரு கணநேர அதிர்வு உண்டாயிற்று. வேகமாற்றத்தை அளக்கும் கருவிகள் பழுதாகிவிட்டன என்று உள்ளிருந்த கணினி தவறாக முடிவு செய்து, இடர்க்காலத்துக்கென வைத்திருந்த வழிக்கு மாறியது. வேகம் சிறிது குறைந்தது. 356 கிலோமீற்றர் உயரத்தில் வட்டமாக அமைய வேண்டிய பாதை, ஒரு புறம் 356, மறு புறம் 76 கிலோமீற்றர் என்று நீள்வட்டமாயிற்று. 76 கிலோமீற்றரில் காற்று இருக்கிறது, செய்மதிகள் வீழ்ந்தன. அவற்றுள் ஒன்று, இந்தியாவெங்கும் உள்ள பாடசாலை மாணவியர் 750 பேரின் உழைப்பில் உருவான "ஆசாதிசாற்".

இதைக் கேட்டபோது நம் மாணவியரின் முகம் வாடிற்று. "பிறகு என்ன செய்தார்கள், சேர்?" என்றனர். பிறகு திருத்தினார்கள். 2023 மாசி 10ஆம் நாள் இரண்டாவது ரொக்கெட் "ஆசாதிசாற்-2" என்னும் செய்மதியையும் சுமந்துகொண்டு சரியான பாதையை அடைந்தது. 2024 ஆவணி 16ஆம் நாள் மூன்றாவதும் வென்றது. விரைவென்பது எரியும் மருந்தில் மட்டும் இல்லை. தன் கருவி சொல்வது மெய்யா பொய்யா என்று அறியும் நிதானத்திலும் இருக்கிறது.

திண்மம் ஒன்றே வழியன்று. நியூசிலாந்திலிருந்து எழும் எலக்ட்ரோன் என்னும் ரொக்கெட் 2018 தையில் முதன்முறையாகச் செய்மதிகளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அது மண்ணெண்ணெயில் ஓடுவது. அதன் பம்பிகளைச் சுழற்றுவது மின்கலம். சிக்கலான விசையாழி நீங்கியதால் இயந்திரம் எளிதாயிற்று. சென்னை ஐ.ஐ.டி.யிலே வேரூன்றிய அக்னிகுல் நிறுவனம், ஓர் இயந்திரம் முழுவதையும் ஒரே துண்டாக அச்சிட்டெடுத்து, 2024 வைகாசி 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த மேடையிலிருந்து அதனைப் பரீட்சித்தது. சுற்றுப்பாதைக்குச் செல்லாத சோதனைப் பறப்பே ஆயினும், நூற்றுக்கணக்கான பாகங்களைப் பொருத்தும் வேலையும் நாளும் மிச்சமாகும் என்பது அதன் பயன்.

ஐக்கிய அமெரிக்காவில் 2023 செப்டெம்பர் 14ஆம் நாள், கட்டளை பிறந்து 27 மணித்தியாலத்தில் ஆல்பா என்னும் ரொக்கெட் செய்மதியொன்றை ஏற்றிச் சென்றது. அதுவும் மண்ணெண்ணெயும் திரவ ஒட்சிசனுமே. ஆகவே குளிர்ந்த திரவமும் விரைவுக்கு முற்றிலும் தடையன்று. செய்மதியும் மேடையும் மனிதரும் முன்கூட்டியே ஆயத்தமாயிருப்பின் கடைசி மணித்தியாலங்களில் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் அம்முயற்சியை நடத்தியது இராணுவம் என்பதை மறத்தலாகாது. போரில் எதிரி நம் செய்மதியை அழித்தால் உடனே மற்றொன்றை அனுப்ப வேண்டும் என்பதே அதன் கருத்து. சீனக்குடாவின் தாங்கிகளைக் கட்டியவரின் கருத்தும் ஏறத்தாழ அதுவே அன்றோ?

அப்படியாயின் இது நமக்கு எதற்கு? இக்கேள்விக்கு நம் கடலே விடை. 1964 மார்கழியில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி, அதற்குமுன் திருக்கோணமலைக் கரையைத் தாக்கிற்று. 2020 மார்கழி 2ஆம் நாள் இரவு "புரேவி" இம்மாவட்டத்தின் வடபால் கரையேறியது. 2025 கார்த்திகை இறுதியில் "டித்வா" நாடு முழுவதையும் வெள்ளத்தில் ஆழ்த்தி 600க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. அத்தகைய நாட்களில் பாதை எது, வெள்ளம் எது, தனித்துப்போன கிராமம் எது என்று மேலிருந்து காண்பது மீட்போருக்குக் கண் கிடைத்ததற்கு ஒப்பாகும். முகிலை ஊடுருவிப் பார்க்கும் ராடார்ச் செய்மதிகள் உள. பேரிடர் வேளையில் நாடுகள் தம் படங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் 2000ஆம் ஆண்டு முதல் உண்டு. ஆயினும் வேண்டிய செய்மதி பழுதுபடும் நாளும் வரும். அந்நாளில் மற்றொன்றை அனுப்ப ஈராண்டு காத்திருப்பதா, இரண்டு வாரம் காத்திருப்பதா?

நம் நாட்டுப் பொறியியலாளர் இருவர் ஜப்பானில் அமைத்த, ஒரு கிலோகிராமே நிறையுடைய "இராவணா-1" 2019இல் விண்ணேறியது. அமெரிக்கச் சரக்குக் கலமொன்றில் ஓரிடம் பெற்று, சர்வதேச விண்வெளி நிலையம் சென்று, அங்கிருந்தே அது விடப்பட்டது. பிறர் வண்டி புறப்படும் நாளே நமக்கும் நாள். சிறு ரொக்கெட்டுகள் பெருகின், சிறு நாடுகளுக்கும் தம் நாளைத் தாமே குறிக்கும் வாய்ப்பு நெருங்கும்.

இங்கேதான் அம்மாணவியின் கேள்விக்குரிய முழு விடையும் கிடைக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரபட்டினத்தில், முத்தாரம்மன் கோயில் தசராவால் பெயர்பெற்ற அக்கடற்கரை ஊரில், சிறு ரொக்கெட்டுகளுக்கென்றே இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 மாசி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து நேர்தெற்கே கோடு கிழித்தால் தென்துருவப் பனிவரை நிலமே குறுக்கிடாது. நம் தீவைச் சுற்றிவரும் வளைவும், அதற்காகும் எரிபொருளும் மிச்சம். தேசப்படத்தை மீண்டும் பார்த்த மாணவன் ஒருவன் வியந்து கூவினான்: குலசேகரபட்டினமும் திருக்கோணமலையும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில், எட்டரைப் பாகை அளவில், எதிரெதிரே இருக்கின்றன!

மாலையில் திருக்கடலூர்க் கரைக்கு வந்தோம். முதிய கடற்றொழிலாளி ஒருவர் இரவு வலைக்குப் போக வள்ளத்தை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். வானத்தில் ரொக்கெட் போகக் கண்டதுண்டோ என்று வினவினோம். "இருட்டிலே ஒருக்கால் கண்டனான், மாஸ்ரர். விளக்குப்போல ஏறி, புகை மயில்தோகை மாதிரி விரிஞ்சது" என்றார். பின்பு இயந்திரத்தின் கயிற்றை ஒருமுறை சுண்டி இழுத்தார். உடனே பற்றிற்று. அணைத்தார்.

"தினமும் கரையிலேயே ஒருக்கால் பார்த்துக்கொள்ளுவன். கடலிலே கூப்பிடுகிற நேரம் எழும்பாத இயந்திரம் எவ்வளவு ஓடினாலும் என்ன?" என்றார். சற்று நேரம் பேசாதிருந்து, "சுனாமியிலே என்ர தங்கச்சி போனவள். அண்டைக்கு ஆராவது ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அவள் மேட்டுக்கு ஓடியிருப்பாள்" என்றார்.

மாணவர் ஒருவரும் பேசவில்லை. 2004 மார்கழி 26ஆம் நாள் காலை 7 மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தது. அலை நம் கிழக்குக் கரையை அடைய ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம் சென்றது. அவ்வளவு நேரம் இருந்தும் கரைக்குச் செய்தி வரவில்லை. அன்று வானத்தில் செய்மதிகள் இல்லாமலில்லை. அலையை உணர்ந்து சொல்லும் கருவி இந்து சமுத்திரத்தில் இல்லை, சொல்லைக் கொண்டு செல்லும் ஒழுங்கு கரையில் இல்லை. இன்று கடலடியில் அழுத்தத்தை அளக்கும் கருவிகள், மிதவை வழியாகச் செய்மதிக்கும், செய்மதி வழியாக நாடுகளுக்கும் அறிவிக்கின்றன. அச்சங்கிலியின் கடைசிக் கண்ணி கிராமத்து ஒலிபெருக்கியும், அதனைக் கேட்டு மேட்டுக்கு ஓடும் கால்களுமே.

விரைந்தெழும் ரொக்கெட் அச்சங்கிலியில் ஒரு கண்ணி. அதனைப் போருக்கென்று ஆயத்தம் செய்வோரும் உளர். துயர் தீர்க்கவென்று ஆயத்தம் செய்வோரும் உளர். மருந்து ஒன்றே, ஏவும் மனமே வேறு. நம் மாணவருள் சிலராவது இரண்டாம் வரிசையில் நிற்க வேண்டும் என்பது நம் விருப்பம்.

இருள் படர்ந்தபோது வள்ளம் புறப்பட்டது. அதன் விளக்கு சுவாமி மலையைச் சுற்றி மறையும்வரை நாம் கரையில் நின்றோம். வண்டியில் ஏறியபின் அம்மாணவி மெல்லக் கேட்டாள்: "சேர், பெரிய அலை வந்தால் எங்கட பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எந்தப் பாதையாலே மேட்டுக்குப் போக வேணும்?" எமக்கு உடனே விடை தெரியவில்லை. மறுநாட் காலை முதற் பாடமாக அதனையே எடுத்துக்கொண்டோம்.